யிக் ஆஸிலேட்டரின் அதிர்வெண் இறங்கிக்கொண்டே போனால்

யிக் ஆஸிலேட்டர் என்பது காந்தப்புலத்துக்கேற்ப அதிர்வெண் மாறும் சிறு யிக் உருண்டையை (யிட்ரியம் இரும்பு கார்னெட்) வைத்த மைக்ரோவேவ் ஆஸிலேட்டர்; அந்தப் புலத்தைத் தருவது காயிலில் ஓடும் கரண்ட். உங்களுடையது கெடவில்லை. காயிலுக்கு நிலையான வோல்டேஜ் கொடுக்கிறீர்கள். அதற்கு வேண்டியது நிலையான கரண்ட்.

பழைய அனலைசரில் (சிக்னல் அளக்கும் கருவி) கழற்றியது, 4 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் அரை மணியில் நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இறங்குகிறது என்கிறீர்கள். ஏற்காட்டுக் குளிர்மீது பழி போடாதீர்கள். காயில் செம்புக் கம்பி. ஒரு டிகிரி சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.4 சதவீதம் கூடும். 10 டிகிரிக்குக் கரண்ட் 4 சதவீதம் குறையும், காந்தப்புலமும் கூடவே. 4 கிகாவில் அது 160 மெகாஹெர்ட்ஸ்!

காயிலோடு சீரியலில் மில்லிஆம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள். கரண்டும் சேர்ந்து இறங்கினால் இதேதான். அது அசையாமல் அதிர்வெண் மட்டும் நகர்ந்தால், யிக் உருண்டையை ஒரே சூட்டில் வைக்கும் ஹீட்டரின் பின்னுக்கு சப்ளை வருகிறதா பாருங்கள்.

கரண்ட் சோர்ஸ் (நிலையான கரண்ட் தரும் சர்க்யூட்) கட்டும்போது கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் கார்பனாக வேண்டாம். சேலத்தில் என் மேசையில் அப்படித்தான் போட்டேன். விரலை வைத்தாலே சிக்னல் திரையில் நழுவும். சூட்டுக்கு அசையாத வயர்வவுண்ட் போட்ட பிறகே நின்றது.

அப்புறம், காயிலுக்குக் குறுக்கே டயோட் இல்லாமல் ஓடும்போது வயரைப் பிடுங்காதீர்கள். கரண்ட் சோர்ஸின் டிரான்சிஸ்டர் போய்விடும்.