வீட்டில் செய்யும் இரும்புப் பெட்டகம்: மார்த்தாண்டம் பட்டறைக்காரர் பதில்கள்

தக்கலை: பெட்டகத்துக்கு எத்தனை எம்எம் தகடு எடுக்கலாம்?

வீட்டுக்கு 6 எம்எம் தாராளம். சதுர மீட்டருக்கு 47 கிலோ வரும். 450 மில்லி உயரம், 350 அகலம், 350 ஆழம் என்றால் தகடு மட்டுமே 41 கிலோ. எல்லோரும் தகட்டின் கனத்தைக் கேட்கிறீர்கள், கதவைக் கேட்பதில்லை. கடப்பாரை பக்கத் தகட்டிலா இறங்கும்? கதவு இடுக்கில்தான் நுழையும். இடுக்கு 2 எம்எம்முக்கு மேல் போகக் கூடாது. கதவுக்கு மட்டும் 10 எம்எம் போட்டால் கூடுதலாக 5 கிலோதான்.

செங்கோட்டை: அண்ணாச்சி, வெல்டிங் முடித்ததும் நிலை கோணிவிட்டது. கதவு உட்காரவே இல்லை.

ஒரே மூலையில் ஆரம்பித்து ஒரே இழுப்பாக ஓட்டியிருப்பீர்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் தகட்டை இழுக்கும். முதலில் எல்லா மூலையிலும் டேக், அதாவது பொட்டு வெல்டிங், வையுங்கள். மூலைமட்டத்தால் மூலை பார்த்து, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளந்து சமமா என்று பாருங்கள். அப்புறம் இங்கே ஓர் அங்குலம், எதிர் மூலையில் ஓர் அங்குலம், கை பொறுக்கும் சூடு வரும்வரை ஓய்வு. 3.15 எம்எம் 6013 வெல்டிங் ராடு, 100 ஆம்பியர் சுற்றி வைத்தால் போதும். முக்கியமாக, வரைபடத்தைப் பார்த்துக் கதவை முன்கூட்டியே வெட்டாதீர்கள். நிலையை முழுக்க வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, கிடைத்த வாயை அளந்து வெட்டுங்கள். கோணியதற்கு மருந்து இப்போதைக்கு அதுதான்: பழைய கதவை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த வாய்க்கு வேறொன்று வெட்டுங்கள்.

களியக்காவிளை: கீல் வெளியே தெரிகிறது. அறுத்துவிட்டால்?

அறுக்கட்டும். கீல் பக்கம் கதவின் உள்ளே ஒரு கனத்த இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து, மூடும்போது அது நிலைக்குப் பின்னால் போய் மாட்டும்படி செய்யுங்கள். கீல் போனாலும் கதவு வராது.

கொழிஞ்சாம்பாறை: பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகடு கிடக்கிறது, உள்தட்டுக்குப் போடலாமா மாஸ்டர்?

வேண்டாம். துத்தநாகப் புகை மூக்கில் ஏறினால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைக் கதை.

கம்பம்: இரட்டைத் தகடு வைத்து நடுவில் 2 அங்குலம் கான்கிரீட் ஊற்றினால் தீ தாங்குமா?

வெறும் இரும்பை விட நன்றாகத் தாங்கும். ஆனால் முதலில் சொன்ன அளவை உள்ளளவாக வைத்தால் கான்கிரீட் மட்டும் 100 கிலோவுக்கு மேல் போகும்.

பாலக்காடு: கான்கிரீட் வீண். ஜிப்சம் போடுங்கள்.

கம்பம்: ஜிப்சத்தில் ஆணியே இறங்கும். திருடனுக்கு அது சுவரா?

இருவரும் வெவ்வேறு பகைவனைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீயில் அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை உள்ளே சூடு சட்டென்று ஏறாது. காகிதம் கருகாமல் இருக்க, அதற்கான பெட்டகங்களில் உள்சூடு 177 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். திருடனுக்குக் கான்கிரீட், தீக்கு ஜிப்சம். ஆனால் எதை நிரப்பினாலும் ஈரம் உள்ளே கசியும். நம் மழைக்கு உள்ளே இருக்கும் பத்திரம் பூஞ்சை பிடிக்கும். உள்தகட்டில் இண்டு இடுக்கில்லாமல் முழு வெல்டிங், ஆவி போக வெளித்தகட்டில் சிறு துளை.

கம்பம்: சலித்த மணல் போட்டால்?

கனம் கூடும், அவ்வளவுதான். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், கருகுவது பத்திரம்தான். அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வேறு வீட்டில் வைப்பது இத்தனை கான்கிரீட்டை விட மலிவு.

ஆரல்வாய்மொழி: 6 எம்எம் போதுமா?

முதல் பதில்.

குளச்சல்: உப்புக்காற்றில் பெயின்ட் நிற்க என்ன செய்வது?

தகட்டில் இருக்கும் கருநீலத் தோலைக் கிரைண்டரில் எடுங்கள், அது இருக்கும்வரை எதுவும் பிடிக்காது. தின்னரில் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர். ராத்திரி விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். பள்ளம் அடைக்கும் பட்டி பிரைமருக்கு மேல்தான், வெறும் இரும்பில் அல்ல. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் தொடாதீர்கள், வெளுத்துப் படரும். எனாமல் பொறுமையாகக் காயும், ஆனால் வெளுக்காது. பொடி தூவி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங் என்றால் நிரப்புவதற்கும் பூட்டு மாட்டுவதற்கும் முன்னால். அடுப்பு 180 டிகிரிக்கு மேல் போகும். மூச்சுத்துளை இல்லாத இரட்டைச் சுவரை உள்ளே அனுப்பினால் வெடிக்கலாம்.

பாறசாலை: ஜிஐ பைப்பில் கால் வைத்தால் துருப்பிடிக்காதல்லவா?

ஐயா, ஜிஐ என்ற எழுத்து இருந்தால் வெல்டிங் வேண்டாம். தகடானாலும் பைப்பானாலும் அதே புகை.

வள்ளியூர்: சாவி தொலைந்த பெட்டியைத் திறப்பது எப்படி?

பூட்டுக்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இங்கே சொல்ல மாட்டேன்.

திருவட்டாறு: டிஜிட்டல் பூட்டா, சாவி போடும் லீவர் பூட்டா?

பூட்டு என் துறை இல்லை. எதுவானாலும் துளையைப் பெயின்டுக்கு முன் போடுங்கள்.

வாளையார்: வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவரில் ஆங்கர் போல்ட் நிற்குமா?

நம்ப முடியாது, கல் பொடிந்து கழன்றுவிடும். கான்கிரீட் தரையில் 12 எம்எம் போல்ட் நான்கு, உள்ளிருந்து முடுக்குங்கள். போல்ட் இல்லாவிட்டால் 46 கிலோப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் நிதானமாக உடைப்பார்கள்.

கம்பம்: கான்கிரீட் ஊற்றினால் போல்ட்டே வேண்டாமே?

ஊற்றுங்கள். மச்சு (மரத்தளம்) வீட்டு மாடியில் மட்டும் வைக்காதீர்கள்.