பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவி வறுத்தால் போதுமா?

கேள்வி: சந்தையில் 5 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கினோம். வீட்டில் கொட்டினால் நடுநடுவே மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம். கழுவி வறுக்கலாமா, செக்கில் ஆட்டிவிடலாமா? கேன்சர் வரும் என்கிறார்களே, கேழ்வரகிலும் இது உண்டா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த நிறத்துப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கக்கூடியது. நஞ்சு பருப்புக்குள்ளேயே ஊறிவிடும். கழுவினால் மேலே இருக்கும் தூள்தான் போகும், வறுத்தாலும் முழுதாக அழியாது. ஒரு வேளை தின்றதற்காகப் பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால்தான் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) உள்ளவர்களுக்கு அது பல மடங்கு. அளவு மிஞ்சினால் சில வாரங்களிலேயே கொல்லவும் கூடும்: 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

செக்கு எண்ணெயில் கூடுதல் கவனம் தேவை. ரீஃபைண்ட் எண்ணெயில் காரம் (அல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டித் தெளிய வைப்பதில் அந்த வேலை நடப்பதில்லை. மீதி நஞ்சு புண்ணாக்கில் தங்கும். அதை மாடு தின்றால் பாலிலும் இறங்கும். "எண்ணெய்க்குத்தானே" என்று சொத்தைக் கடலையைச் செக்குக்குத் தள்ளிவிடும் பழக்கம் நிற்க வேண்டும்.

வாங்கியதை வெள்ளைத் துணியில் பரப்பிப் பொறுக்குங்கள். பூசணம் பிடித்தது, சுருங்கியது, கறுத்தது, உடைந்தது எல்லாம் வெளியே. நஞ்சில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கும். ஒரு கைப்பிடியில் இரண்டு மூன்று பூசணப் பருப்பு வந்தால் மொத்தத்தையும் விட்டுவிடுவதே நல்லது. கழித்ததைக் கோழிக்குப் போடாமல் புதைத்துவிடுங்கள். மிச்சத்தில் கசக்கும் பருப்பு வாயில் பட்டால் உடனே துப்பிவிடுங்கள்.

அடுத்த முறை தோலோடு காயாக வாங்குங்கள். குலுக்கினால் கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் மேல்தோல் சுலபமாக உரிய வேண்டும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் பூசணம் வளராது. காய வைத்த கடலையை வெயில் சூடு ஆறுவதற்குள் பாலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும்.

கடலை, மக்காச்சோளம் அளவுக்குக் கேழ்வரகில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அறுவடையில் மழை பட்டு, சரியாகக் காயாத தானியத்தில் வரும். மாவாக வாங்கினால் கண்ணுக்குத் தெரியாது. தானியமாக வாங்கி, சிக்கு வாடை இல்லையா என்று முகர்ந்து பார்த்து அரையுங்கள்.

கடைக்காரர் மேல் சந்தேகமா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி நீங்களே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பொருள் விதிக்குப் புறம்பானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், நுகர்வோர் உதவி எண் 1915.