பிரபல பிராண்டா, கடையின் சொந்த பிராண்டா? குழந்தைகளுக்கான காலை உணவுச் சீரியலைத் தேர்ந்தெடுக்கும் முறை

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரு குழந்தைகள் இருக்கிறார்கள். காலையில் இருவருக்கும் சீரியல்தான். விளம்பரத்தில் வரும் பிராண்டுகளை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான சீரியலுக்கு மாறினால் சத்துக் குறைவு ஏற்படுமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக மாறலாம். விலைக் குறைவுக்கு முக்கியக் காரணம் விளம்பரச் செலவு இல்லாததுதான்; தானியம் மட்டமானது என்று அதற்குப் பொருளில்லை. எந்த பிராண்டு என்பதைவிட எந்த வகைச் சீரியல் என்பதே குழந்தையின் கிண்ணத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சாக்லேட் பூசிய உருண்டைகள் யார் தயாரித்தாலும் இனிப்புப் பண்டத்துக்கு நெருங்கியவையே; வேறெதுவும் சேர்க்காத ஓட்ஸ் யார் பெயரில் வந்தாலும் ஓட்ஸ்தான். ஆகவே, பணத்தை மிச்சப்படுத்த எளிய இடம், சேர்க்கைப் பொருள்கள் குறைவாக உள்ள வகைகளே.

பெட்டியின் முன்பக்கம் விற்பதற்காக எழுதப்படுவது. பின்பக்கத்தில் உள்ள சேர்க்கைப் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். அது எடையின் இறங்குவரிசையில் அமைவதால், முதலில் 'முழு கோதுமை' அல்லது 'முழு ஓட்ஸ்' என்று இருந்தால் நல்ல தொடக்கம். பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம். மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு சேர்த்தாலும் அந்த நிறம் வந்துவிடும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், தேன், பழச்சாற்று அடர்வு என இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துச் சேர்த்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். அவற்றைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாம் இடத்துக்கு வரக்கூடும்.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. இரு பெட்டிகளை ஒப்பிடும்போது '100 கிராமுக்கு' என்னும் பத்தியை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைப் பரிமாறல் அளவை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் குறிப்பிடலாம். 100 கிராமுக்குச் சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு, 22.5 கிராமைத் தாண்டினால் மிக அதிகம். நார்ச்சத்து 6 கிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. உப்பையும் மறக்க வேண்டாம், சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸில்கூட அது எதிர்பாராத அளவுக்கு இருப்பதுண்டு. சோடியம் என்று குறிப்பிட்டிருந்தால், அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை உள்ள சீரியலில் 30 கிராம் எடுத்தால், அதில் 10.5 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டரை தேக்கரண்டிக்கும் சற்று அதிகம். குழந்தை தானே கொட்டிக்கொண்டால் சீரியல் 60 கிராமாகவும், சர்க்கரை 21 கிராமாகவும் ஆகலாம். சேர்க்கப்படும் இனிப்பிலிருந்து கிடைக்கும் ஆற்றல் நாளொன்றின் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் நின்றால் மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 1,400 கலோரி உண்ணும் குழந்தைக்கு 10 சதவீதம் என்பது 35 கிராம். 60 கிராம் சீரியல் உண்டால், அதில் 21 கிராம் காலையிலேயே முடிந்துவிடுகிறது! உலர்திராட்சை கலந்த மியூஸ்லியில் (தானியமும் உலர்பழமும் கலந்த சீரியல்) சர்க்கரை எண்ணிக்கை உயர்ந்து தெரிவது பழத்தாலும் இருக்கலாம் என்பதால், அங்கே சேர்க்கைப் பட்டியலையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

கடையின் பிராண்டில் உண்மையாகவே குறை இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: செறிவூட்டல். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் தனியாகச் சேர்க்கின்றன. எல்லா மலிவுப் பெட்டிகளிலும் அவை இருப்பதில்லை, விலை உயர்ந்த இயற்கை வேளாண் வகைகளிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. குழந்தை மற்ற வேளைகளில் பருப்பு, கீரை, இறைச்சி போன்றவற்றைச் சரியாக உண்ணாவிட்டால், செறிவூட்டிய பெட்டியையே தேர்ந்தெடுங்கள். கூடவே வைட்டமின் சி நிறைந்த ஒரு பழத்தைக் கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாக உட்கிரகிக்கப்படும். குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) ஒவ்வாத குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை: சோளத்தில் செய்த கார்ன்ஃப்ளேக்ஸிலும் பார்லி மால்ட் சுவையூட்டி சேர்ந்திருக்கலாம்.

விலையைப் பெட்டியின் உயரத்தை வைத்து மதிப்பிடாமல், கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அரிசிப் பொரி வகைகள் பெரிய பெட்டியை நிரப்பினாலும் எடை குறைவு. 'குடும்பப் பொதி' எப்போதும் மலிவு என்பதும் இல்லை.

பழகிய இனிப்பை ஒரே நாளில் நிறுத்தினால் கிண்ணம் அப்படியே திரும்பி வரும். 35 கிராம் சர்க்கரையுள்ள பழைய சீரியலையும் 5 கிராம் உள்ள புதியதையும் சம எடையில் கலந்தால், கலவையில் 100 கிராமுக்கு 20 கிராம்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் பழையதன் பங்கைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம். முதலில் சிறிய பொதியொன்றை வாங்கிச் சோதியுங்கள். குழந்தைகள் தொடாத பெரிய பொதி எந்த விலைக்கு வாங்கினாலும் நட்டமே.