இடைவெளியா, மின்னேற்றமா? ஆர்பெஸ் கேள்வி பதில்

ஒளியைப் பாய்ச்சி, மீக்கடத்தியிலிருந்து (குளிரில் மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்) தெறிக்கும் எலக்ட்ரானின் ஆற்றலையும் கோணத்தையும் அளப்பதுதான் ஆர்பெஸ். புதுச்சேரி, கடலூர் பக்கத்து மாணவர்கள் கேட்டவை இவை.

காலாப்பட்டு ஆய்வு மாணவி: சார், பிஸ்மத் குப்ரேட் என்ற செம்பு–ஆக்சைடு மீக்கடத்தியில், 10 கெல்வினில், எலக்ட்ரான் வரைபடத்தின் விளிம்பு பெர்மி மட்டத்திலிருந்து (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) 12 மில்லி எலக்ட்ரான் வோல்ட் உள்ளே போயிருக்கிறது. மீக்கடத்து இடைவெளி (எலக்ட்ரானுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதி) என்று எழுதலாமா?

எந்தத் திசையில் எடுத்தீர்கள் என்று சொல்லவில்லையேம்மா. செம்பு–ஆக்சிஜன் பிணைப்பு வாக்கில் இடைவெளி 35–40 வரை வரும். அதற்கு 45 பாகையில் பூஜ்யம். அந்த 45 பாகையிலும் 12 காட்டினால் மாதிரியில் மின்னேற்றம் என்று பாருங்கள். போன எலக்ட்ரானின் இடம் நிரம்பாவிட்டால் மாதிரியில் நேர்மின் ஏறும், அடுத்த எலக்ட்ரானைப் பின்னுக்கு இழுக்கும். வரைபடத்தில் அது அச்சு அசல் இடைவெளிதான்! விளக்கின் ஒளியைப் பாதியாக்குங்கள். விளிம்பு நகர்ந்தால் குற்றம் வெள்ளி எப்பாக்ஸி (மாதிரியைத் தாங்கியோடு இணைக்கும், மின்சாரம் கடத்தும் பசை) ஒட்டில். பெர்மி மட்டத்தை அதே தாங்கியில், அதே வெப்பநிலையில் வைத்த புதுத் தங்கப் படலத்தில் எடுங்கள்; போன வாரத்து எண் உதவாது.

செம்மண்டலம், எம்.எஸ்சி. மாணவர்: அறை வெப்பநிலையில் அளந்தால் என்ன?

மீக்கடத்து நிலையே 90 கெல்வினை ஒட்டி முடிந்துவிடும், தம்பி. போதாக்குறைக்கு 300 கெல்வினில் பெர்மி விளிம்பே 110 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலம்.

லாஸ்பேட்டை: பிளந்தால் பாதிப் படிகம் தாங்கியிலேயே நிற்கிறது.

எப்பாக்ஸி அதிகம். பக்கவாட்டில் ஏறி அடுக்குகளைக் கட்டிப்போட்டுவிடும். ஊசி முனையில் ஒரு புள்ளி போதும். மேலே ஒட்டும் பீங்கான் குச்சி படிகத்தைவிடச் சிறிதாக இருக்கட்டும். வெற்றிடத்துக்குள்ளேயே தட்டிப் பிளக்க வேண்டும். வெளிவரும் எலக்ட்ரான் மேலிருக்கும் சில ஆங்ஸ்ட்ராம் ஆழத்திலிருந்துதான் வருகிறது. 10⁻¹⁰ டார் அழுத்தத்தில்கூட ஒட்டும் வாயு மூன்று மணி நேரத்துக்குள் ஓர் அடுக்குப் படிந்துவிடும். அறையைத் திறக்கும்போது உலர் நைட்ரஜன் விடுங்கள். நம்மூர்க் கடல்காற்றின் ஈரம் உள்ளே போனால் அறையை 120 பாகை செல்சியஸில் இரண்டு நாள் சுட்டாலும் நீராவி அடங்காது.

நெல்லிக்குப்பம்: 6 எலக்ட்ரான் வோல்ட் லேசர் மட்டும் கிடைக்கும். போதுமா?

45 பாகைத் திசைக்கு அருமை. பிணைப்புத் திசையின் உந்த எல்லைக்கு எட்டாது. எலக்ட்ரான் பொருளைவிட்டு வெளியேறச் செலவாகும் வெளியேற்று ஆற்றல் 4.3 போக மிஞ்சுவது 1.7, அதன் வர்க்கமூலத்தை 0.512 ஆல் பெருக்கினால் மேற்பரப்பு வாக்கில் உச்ச உந்தம் 0.67 (ஆங்ஸ்ட்ராமுக்கு). தேவை 0.82. ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட்டில் அதே இடம் 23 பாகையிலேயே வந்துவிடும்.

பாகூர்: இட்ரியம் குப்ரேட்டை ஏன் எடுப்பதில்லை?

எடுக்கிறார்கள். ஆனால் பிளந்த முகத்தில் மின்சுமை சமமாக இருக்காது. மேற்பரப்பு உள்ளிருப்பதைவிட அதிக மாசூட்டம் (மின்சுமைத் துளைகளின் சேர்க்கை) பெற்றுவிடும். பிஸ்மத்தில் தொடங்குங்கள்.