பார்சிலோனாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம்: பிள்ளைகளின் பள்ளி, என் வேலை, எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: என் கணவருக்கு பார்சிலோனாவில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு அனுமதி தருகிறார்கள். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4. இருவரும் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். நான் பி.ஃபார்ம் முடித்து மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். நாங்கள் சைவம். பிள்ளைகளை இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்ப்பதா, அரசுப் பள்ளியிலா? நான் வேலைக்குப் போக முடியுமா? கிளம்பும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் முன் நீங்களும் உங்கள் கணவரும் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று ஆண்டில் கட்டாயம் திரும்புவீர்களா, அல்லது பிடித்துப்போனால் தங்கிவிடுவீர்களா? "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பும் குடும்பங்களில் அதிகம் அலைக்கழிவது பிள்ளைகள்தான். முதல் வருஷம் ஒரு பள்ளி, அடுத்த வருஷம் வேறு பள்ளி, வேறு பயிற்றுமொழி என்று ஆகிவிடுகிறது.

பார்சிலோனா கட்டலோனியாவின் தலைநகர். அங்கே அரசுப் பள்ளிகளில் பாடங்கள் பெரும்பாலும் கட்டலான் மொழியில்தான் நடக்கும். ஸ்பானிஷ் தனிப் பாடமாக இருக்கும். விளையாட்டு மைதானத்திலும் தெருவிலும் ஸ்பானிஷ் தாராளமாகப் புழங்கும். அதாவது உங்கள் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரண்டு புது மொழிகளுக்குள் போகிறார்கள். மாட்ரிட் போயிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. இரண்டும் லத்தீனில் இருந்து வந்த, ஒன்றுக்கொன்று நெருக்கமான மொழிகள். சின்னப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கிளம்பும் முன்பே இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமானம் ஏறும்வரை கட்டலான் என்ற பெயரையே கேள்விப்படாத பெற்றோரும் இருக்கிறார்கள்.

மகனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அரசுப் பள்ளியில் சேருங்கள். அங்கே 3 வயது முதல் 6 வயது வரையிலான மழலைப் படிப்பு கட்டாயமில்லை, ஆனால் அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. பாட்டு, மணல், வண்ணம் என்று நாள் போய்விடும். முதல் சில மாதம் அவன் வாயே திறக்காமல் இருக்கலாம். அது குறை இல்லை, காதில் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

மகள் விஷயம் வேறு. அங்கே பிறந்த ஆண்டை வைத்தே வகுப்பு. ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வகுப்புதான். 6 வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் முதல் வகுப்பு என்பதால், இந்த ஆண்டு 10 நிறைகிறவள் ஐந்தாம் வகுப்பில் சேருவாள். ஆறாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடியும். 12 வயதில் உயர்நிலைப் படிப்பு தொடங்கும். அது 16 வரை கட்டாயம். ஆக, மொழி படிக்க அவளுக்கு உயர்நிலைக்கு முன்னால் இரண்டு ஆண்டு கிடைக்கிறது. அந்த இரண்டு ஆண்டு பெரிய சொத்து. 13, 14 வயதில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை; கணக்கில் கெட்டியாக இருப்பவர்கள்கூட கேள்வி புரியாமல் மார்க் இழக்கிறார்கள்.

எனவே தங்குவதற்குக் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்தால் மகளையும் அரசுப் பள்ளியிலேயே, அல்லது கொன்சர்ட்டாதா என்று சொல்லும் அரசு உதவி பெறும் தனியார் பள்ளியில் சேருங்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கட்டலான் சொல்லிக்கொடுக்கப் பல பள்ளிகளில் 'ஆவ்லா தகோயீதா' என்ற வரவேற்பு வகுப்பு இருக்கும். நாளில் சில மணி நேரம் அங்கே, மீதி நேரம் சொந்த வகுப்பில். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வகுப்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேளுங்கள். மூன்று ஆண்டில் கட்டாயம் திரும்புவோம் என்றால் மட்டும் மகளுக்கு இன்டர்நேஷனல் பள்ளி பொருந்தும். கட்டணம் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். கம்பெனி தருகிறதா என்று கணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்கட்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்த கல்வியாண்டுக்கான பள்ளி விண்ணப்பம் அங்கே வசந்த காலத்தில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும். வகுப்பு செப்டம்பரில் தொடங்கும். அதைத் தவறவிட்டாலும் இடம் உண்டு. பார்சிலோனாவில் கல்விக் கன்சோர்சியம் என்ற அலுவலகம் காலியிடம் இருக்கும் பள்ளியில் போட்டுத் தரும். நீங்கள் விரும்பிய பள்ளி கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான்.

இங்கேதான் வீடு வருகிறது. பள்ளி, மருத்துவ அட்டை எல்லாவற்றுக்கும் அடிப்படை 'பத்ரோன்'. நீங்கள் இன்ன முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று மாநகராட்சியில் செய்யும் பதிவு அது. வாடகை ஒப்பந்தம் இல்லாமல் அதை வாங்குவது சிரமம். முதல் ஓரிரு மாதம் கம்பெனி ஒரு தற்காலிக வீட்டில் தங்க வைக்கும். அந்த முகவரியில் பத்ரோன் போட வீட்டுக்காரர் கடிதமோ ஒப்பந்தமோ தருவாரா என்பதை இங்கிருந்தே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கே வசிக்கிறோமோ அங்கே பதிவது சட்டப்படி உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. ஆனாலும் குறுகிய கால வாடகைக்கு விடும் பலர் இதற்கு முகம் சுளிப்பார்கள்.

நிரந்தர வீட்டுக்கு ஒரு மாத வாடகை சட்டப்படி முன்பணம். அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம்வரை கேட்கலாம். 2023-இல் வந்த வீட்டுவசதிச் சட்டப்படி, வழக்கமான குடியிருப்பு வாடகையில் தரகர் கட்டணத்தை வீட்டு உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். உங்களிடம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

ஸ்பெயின் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். போலீஸ் அலுவலகத்தில் கைரேகை வைக்க இணையத்தில் 'சீத்தா பிரேவியா', அதாவது முன்பதிவு எடுக்க வேண்டும். அது லேசில் கிடைக்காது. கம்பெனி வைத்திருக்கும் வழக்கறிஞரோ 'கெஸ்தோர்' எனப்படும் முகவரோ எடுத்துத் தருவது வழக்கம். ஆகஸ்டில் போய் இறங்காதீர்கள். பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். ஜூன் கடைசியில் போனால் பத்ரோனும் பள்ளியும் முடிந்துவிடும், பிள்ளைகளை 'கசால்' என்ற கோடைக்கால முகாமிலும் விடலாம். வகுப்பு, பாடம் என்ற நெருக்கடி இல்லாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடியே காதில் மொழி ஏறும். மகளுக்கு இதை முக்கியமாகச் செய்யுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. நீங்கள் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் கணவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். டீச்சரோடு, டாக்டரோடு, வீட்டுக்காரரோடு, பியூட்டேன் சிலிண்டர் கொண்டு வருபவரோடு, பெற்றோர் வாட்ஸப் குழுவில் எல்லாம் பேச வேண்டியவர் நீங்கள். குடும்பத்தில் ஸ்பானிஷ் முதலில் தேவைப்படுவது உங்களுக்குத்தான். ஆனால் பல வீடுகளில் கம்பெனி செலவில் கணவர் வகுப்புக்குப் போகிறார், பிள்ளைகள் பள்ளியில் கற்கிறார்கள், அம்மா மட்டும் வீட்டில். ஆறு மாதத்தில் மகள் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறாள். டாக்டரிடம் அம்மாவின் உடம்பைப் பற்றி 10 வயதுப் பெண் பேச வேண்டி வருவது அவளுக்கும் பாரம், உங்களுக்கும் பாரம். இதை விடாதீர்கள்.

இன்றே தொடங்குங்கள். கிளம்பும் முன் அடிப்படை ஸ்பானிஷ் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். போன பிறகு அரசின் 'எஸ்க்வேலா ஒஃபிசியால் தே இடியோமாஸ்' மொழிப் பள்ளிகளில் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். பார்சிலோனாவில் துறைமுகப் பக்கம் திராசானேஸில் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆரம்ப நிலைக் கட்டலானை அரசின் மொழிக் கன்சோர்சியம் இலவசமாகவே சொல்லித்தருகிறது. மகன் பள்ளிக்குப் போகும் நேரத்தில் வகுப்பு அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகலாம். உங்கள் கணவருடையது உயர்திறன் பணியாளர் அனுமதியாக இருந்தால் (மூன்று ஆண்டு என்பதால் அதுவாகத்தான் இருக்கும், கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்) 2013-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்கும் வேலை செய்யும் உரிமை சேர்ந்தே வரும். குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மருந்தாளுநர் அங்கே சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். உங்கள் பட்டத்தை மாட்ரிட்டில் உள்ள அமைச்சகம் சமமாக ஏற்றுக்கொண்டால்தான் மருந்துக்கடையில் மருந்தாளுநராக நிற்க முடியும். அது மெதுவாக நடக்கும் காரியம். போன முதல் மாதமே விண்ணப்பித்துவிட்டு வேறு வழியையும் பாருங்கள். பார்சிலோனா மருந்துத் தொழிலுக்குப் பேர் போன ஊர். கிரிஃபோல்ஸ், அல்மிரால் போன்ற நிறுவனங்களின் தலைமையகம் அந்தப் பகுதியில்தான். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, புது மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளின் ஆவணங்கள் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் அந்தச் சமநிலைச் சான்று கேட்பதில்லை, ஆங்கிலமும் உதவும். அதற்கான ஒரு குறுகிய படிப்பை இங்கேயே முடித்துவிட்டுப் போனால் நல்லது.

ஆவணங்களில் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது பெயரில். ஸ்பெயினில் ஒருவருக்குச் சொந்தப் பெயரும் இரண்டு குடும்பப் பெயர்களும் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான். பிறப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டு என்று இருந்தால் ஒவ்வொரு மேஜையிலும் விளக்கம் கேட்பார்கள். நான்கு பேர் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கணவர் பெயரை உங்கள் பெயரோடு சேர்க்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே பெண்கள் திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்வதே இல்லை.

கோயிலில் தந்த கல்யாண ரசீது செல்லாது, பதிவுத் துறையின் திருமணச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் உங்கள் பட்டத்துக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி நம் வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். பிறகு ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்ற வேண்டும். சாதாரண மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி அவர்களுடைய வழக்கமான பட்டியலில் இல்லை, விடுபட்ட வேறு ஊசிகளைக் 'காப்' என்னும் வட்டார சுகாதார மையத்தில் போட்டுவிடுவார்கள்.

சாப்பாட்டில் சமாளித்துவிடலாம். ரவால் பகுதியில் பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் கடைகள் நிறைய. பருப்பு, மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும். வெளியே சாப்பிடும்போதுதான் கவனம் தேவை. 'இறைச்சி இல்லாமல்' என்று சொன்னால் சாலட்டில் சூரை மீன் வந்து நிற்கும், பயறுக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். மீன், ஹாம், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்க வேண்டும். பல தொடக்கப் பள்ளிகளில் மதியம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணிவரை நீண்ட இடைவேளை. பள்ளியிலேயே சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு நட்பும் மொழியும் அந்த நேரத்தில்தான் வளரும். சைவ உணவு தருவார்களா என்று சேர்க்கும்போதே கேட்டு, பால், முட்டை சேருமா என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

வரியில் ஒன்று. புதிதாக வருபவர்களுக்கு 'பெக்கம் சட்டம்' என்று பேச்சுவழக்கில் சொல்லும் சலுகை முறை உண்டு: 6 லட்சம் யூரோ வரை சம்பளத்துக்கு ஒரே விகிதமாக 24 சதவீதம். வேலையில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு கதவு மூடிவிடும். கோவையில் வாடகை வரும் வீடோ வைப்புத்தொகையோ இருந்தால் இது லாபம், ஏனென்றால் அந்த வருமானம் அங்கே வரிக்கு வராது. சம்பளம் நடுத்தரமாக இருந்து, வருமானம் ஈட்டுபவர் ஒருவர், பிள்ளைகள் இருவர் என்றால் சாதாரண முறையே மலிவாக இருக்கவும் கூடும். கெஸ்தோரிடம் இரண்டு கணக்கையும் போடச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் எண்ணம் இருந்தால் தமிழை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டில் பேசுவதால் மட்டும் எழுத வராது. மகளுக்கு இப்போது ஓரளவு வாசிக்க வரும். மகன் எழுத்தே அறியாமல் போகிறான். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே மழலைக் கல்வியும் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. கோடையில் ஸ்பெயினுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். மாலை நான்கரை மணிக்குப் பள்ளி விட்டு வந்தால் இங்கே இரவு எட்டு. தாத்தா பாட்டியை வைத்து வீடியோ அழைப்பில் தினமும் ஒரு பக்கம் வாசிக்க வையுங்கள். மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அறிக்கைகளையும் கிளம்பும் முன் மறக்காமல் வாங்கி வையுங்கள். அங்கே சேர்க்கும்போதும் கேட்பார்கள், இங்கே திரும்பிச் சேர்க்கும்போதும் கேட்பார்கள்.