ஒரே காபி ஒருநாள் உற்சாகமும் இன்னொருநாள் படபடப்பும் தருவது ஏன்?

முதல் காரணம் காஃபினின் அளவு; அது மூளையில் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரும். அது தன் ஏற்பிகளில் (செல்லில் அது ஒட்டும் இடங்களில்) ஒட்டினால் அசதி வரும். காஃபின் அதே ஏற்பிகளில் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆனால் அவற்றை இயக்காது. புதிதாக எந்தச் சக்தியையும் அது தருவதில்லை.

காபி தரும் இன்பம் பிறப்பது மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில். அங்கே அடினோசினின் ஏ2ஏ என்ற ஏற்பியும், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருளின் டி2 ஏற்பியும் ஒரே செல்லில் ஒட்டியே இருக்கின்றன. முதலாவது இயங்கினால் இரண்டாவது மந்தமாகும். காஃபின் ஏ2ஏ-வை அடைத்ததும், இருக்கிற டோபமினே நன்றாக வேலை செய்கிறது. கோகெய்ன் போல டோபமினைக் குவிப்பதில்லை என்பதால் இந்த இன்பம் மிதமானது.

அளவு மிஞ்சினால், அடினோசினின் இன்னொரு வகையான ஏ1 ஏற்பிகள் அடைபட்டு, மூளையைத் தூண்டும் குளூட்டமேட், நார் அட்ரினலின் ஆகியவற்றின் வெளியேற்றத்துக்கு இருந்த கட்டுப்பாடு தளர்கிறது. கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, பதற்றம் எல்லாம் அதன் விளைவே. ஏ2ஏ மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு 150 மி.கி. காஃபினிலேயே பதற்றம் வரலாம்.

காஃபினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 5 மணி நேரம்: மாலை 4 மணிக்கு 200 மி.கி. குடித்தால் இரவு 9 மணிக்கும் 100 மி.கி. இருக்கும். புகைப்பவர்களுக்கு இது வேகமாகக் கழியும். அதனால்தான் சிகரெட்டை விட்டவருக்குப் பழைய அளவு காபியே திடீரென்று படபடப்பைத் தருகிறது. அப்போது காபியைப் பாதியாக்குவது நல்லது.

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை கால் பங்கு வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.