மறதிநோய் உள்ளவர்களுக்கு நோகிறதா என்று போனால் அறிய முடியுமா?

கேள்வி: திருகோணமலையில் முதியோர் இல்லமொன்றில் வேலை. மறதிநோயால் பேச்சுக் குறைந்தவர்களின் நோவைப் போன் செயலியால் அளக்கலாமா?

அளக்கலாம். ஆனால் போன் தானாகப் பார்ப்பது முகத்தை மட்டும்தான்.

அவுஸ்திரேலியாவில் உருவான பெயின்செக் செயலியில் 42 குறிகள். முகத்தை 3 விநாடி வீடியோ எடுத்ததும் புருவம் இறங்குவது, மேலுதடு உயர்வது போன்ற 9 குறிகளை அதுவே கண்டுபிடிக்கும். குரல், அசைவு, நடத்தை, செயற்பாடு, உடல் என்று மிச்சம் 33க்கும் நீங்கள்தான் பார்த்து அழுத்தவேண்டும். மொத்தப் புள்ளி 6 வரை என்றால் நோ இல்லை, 7–11 இலேசு, 12–15 நடுத்தரம், 16இலிருந்து கடுமை.

பெரும்பாலும் பிழைப்பது நேரத்தில்தான். அசையாமல் படுத்திருப்பவரை எடுத்தால் குறைந்த எண்தான் வரும். உடம்பு கழுவும்போது, புரட்டும்போது, கதிரையிலிருந்து எழுப்பும்போது எடுங்கள். இடுப்பு, முழங்கால் நோ அப்போதுதான் முகத்துக்கு வரும். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகம் இருண்டுவிடும், திருப்பி இருத்துங்கள். பார்க்கின்சன், பாரிசவாதம் உள்ளவரின் முகம் நோவிலும் சரியாக அசையாது. அவருக்கு முகத்தில் பூச்சியம் வந்தால் நம்பவேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வைக்கும் எல்லாருக்கும் புள்ளி விழும். விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் இருத்திவிட்டுப் பாருங்கள்.

கொஞ்சமாவது பேசுபவரிடம் முதலில் வாயால் கேளுங்கள். "பத்துக்கு எத்தனை?" என்றால் முழிப்பார். "நோகுதா அம்மா? உளையுதா? எங்க, கை வச்சுக் காட்டுங்கோ" என்றால் கை தானாக முழங்காலுக்குப் போகலாம்.

செயலிக்குச் சந்தா கட்ட வழியில்லையா? மறதிநோயாளரைப் பார்த்தே நோவுக்குப் புள்ளி போடும் பெயினாட் (PAINAD) அளவுகோலைக் கூகுள் படிவமாக்குங்கள்: மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0–2, மொத்தம் 10. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நிரப்புங்கள். ஓய்விலா அசைவிலா, என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்பதையும் சேருங்கள். பெயருக்குப் பதில் கோப்பு இலக்கம் போடுங்கள். கட்டில் இலக்கம் போட்டால் ஆள் இடம் மாறும்போது கணக்குக் குழம்பும்.

பரசிற்றமோல் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் கழித்து, அதே அசைவில், முடிந்தால் அதே ஆளே திரும்பப் பார்க்கவேண்டும். எண் இறங்காவிட்டால் மலச்சிக்கலா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, படுக்கைப் புண்ணா என்று தேடுங்கள். பயமும் பசியும்கூட இதே எண்ணைத் தரும். மூன்று நாள் பதிவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், "ராவெல்லாம் கத்துறார்" என்பதைவிட அது டொக்டருக்கு உதவும்.